சனிக்கிழமையைக் கேட்ட மகன்

முகத்தைப் பார்த்தே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவாராம் பழைய கொறனர் ஐயா என்று இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறீர்கள். ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. இத்தனை வருடம் செத்தவீடு செத்தவீடாக ஏறி இறங்கினேன். முகத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்ததெல்லாம் யாருக்குப் பசிக்கிறது, யாருக்கு நித்திரை வருகிறது என்பதை மட்டும்தான். அதற்கு மேல் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. எழுதியிருந்தால் பொலிஸுக்கு என்ன வேலை, உங்களுக்கும் எனக்கும் என்ன வேலை?

நம்முடைய உத்தியோகத்தின் பெயர் திடீர் மரண விசாரணை அதிகாரி. சனம் சொல்வது கொறனர். வீட்டில் ஒருவர் எதிர்பாராமல் இறந்தால் பொலிஸ் நம்மைக் கூப்பிடும். நாம் போய் உடலைப் பார்த்து, வீட்டாரிடம் நாலு கேள்வி கேட்டு, சந்தேகம் இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒப்படைப்போம். சந்தேகம் இருந்தால் டாக்டர் வெட்டிப் பார்க்கட்டும் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். படிவம் நிரப்புவதை ஒபிஸில் யாராவது உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது அந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவில், ஒரு கதிரையில், கையில் சோடாப் போத்தலோடு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க நீங்கள் தனியாக இருக்கப்போகிற அந்த நேரத்தைப் பற்றி.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மாடி வீடு. மொரிஸ் மைனர் டாக்சிகள் ஓடிய காலம். வெள்ளிக்கிழமை காலை கூப்பிட்டார்கள். பூரணம் என்று ஒரு விதவைத் தாய், மேல்மாடியில் படுக்கிறவர், விடியும்போது படிக்கட்டின் அடியில் இறந்து கிடந்திருக்கிறார். முதலில் கண்டது மகள் சுகந்தி. கலியாணம் ஆகாத பெண், தாயோடு மேலேதான் படுப்பாள். மகன் பாஸ்கரன், அவளுக்கு அண்ணன், கீழ் அறையில் படுக்கிறவன். அந்த வீட்டில் அவ்வளவு பேர்தான்.

வாசலில் என்னைக் கண்டதும் பாஸ்கரன் ஓடி வந்தான். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அழுது சிவந்த கண், தோளில் துவாய்.

"வாங்கோ ஐயா. இந்த வெயிலுக்குள்ள நடந்தோ வந்தனீங்கள்? மேரி அக்கா, ஐயாவுக்கு ஒரு சோடா உடைச்சுத் தாங்கோ. ஐயா, மார்க்கட் பக்கம் ஒரு பெடியன் பஸ்ஸில அடிபட்டதுக்கும் நீங்கள்தானே வந்தனீங்கள்? அந்தத் தாயோட நீங்கள் கதைச்ச விதத்தை ஆக்கள் இண்டைக்கும் சொல்லுறவை."

சொல்லுங்கள், எந்த அதிகாரிக்கு உள்ளம் குளிராது? என் பெண்சாதிகூட என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை. அவனை எனக்கு உடனேயே பிடித்துப் போயிற்று. எனக்கு மட்டுமா? சோடா கொண்டுவந்த பக்கத்து வீட்டு மேரி அக்கா, சிங்களக் கத்தோலிக்கப் பெண், பாஸ்கரனைச் சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி, என்றே கூப்பிடுகிறவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதில் சொன்னாள்: "இந்த மல்லி மாதிரி மகன் எங்கேயும் இல்ல மாத்தயா. அம்மாவுக்குத் தலை சீவி விடும், கால் அமுக்கி விடும். என்ட மகன் எனக்கு ஒரு தண்ணி தர மாட்டான்."

சுகந்தி இதற்கு நேர்மாறு. சுவரோடு சாய்ந்து நின்றாள். யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தாள். முதல் நாள் மாலை தாயோடு சண்டை பிடித்தவள் வேறு. ஏதோ ஒரு சம்பந்தம் பேசி வந்ததாம், தாய்க்குப் பிடித்தது, இவளுக்குப் பிடிக்கவில்லை. தெரு முழுக்கக் கேட்ட சண்டை. நான் அவளிடம் விசாரித்தபோது, படிக்கட்டு லைட் எரிந்தது என்றாள். கொஞ்சம் பொறுத்து, இல்லை, இருட்டாக இருந்தது, நான்தான் போட்டேன் என்றாள். சத்தம் கேட்டது என்றாள். பிறகு, சத்தம் கேட்டிருந்தால் எழும்பியிருப்பேனே என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

என்னோடு வந்த சார்ஜன்ட் சிங்களவர், அனுபவசாலி. என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார். "ஐயா, இந்தப் பொம்பிளைப் பிள்ளை கதைய மாத்துறது. மகன் ஒரே கதை. சுத்தம்."

மகன் கதை சுத்தம்தான். தண்ணீர் குடிக்க அம்மா இறங்கியிருப்பா, மூன்றாவது படி ஓரம் உடைந்தது, திருத்தவேண்டும் திருத்தவேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன், இன்றைக்குத் திருத்துவோம் நாளைக்குத் திருத்துவோம் என்று விட்டுவிட்டேன், பாவி நான் என்றான். நானும் போய்ப் பார்த்தேன். படி உடைந்துதான் இருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். கதை மாற்றுகிறவர் பொய்யர் என்று பொலிஸார் நினைப்பார்கள். வழக்கு நடக்கிற கோட்டில் சரி, அது ஒரு கணக்கு. செத்தவீட்டில் அந்தக் கணக்கு சரிவராது. பெற்ற தாய் தரையில் கிடக்கக் கண்டவளுக்கு லைட் எரிந்ததா அணைந்ததா என்பது நினைவில் எங்கே நிற்கும்? உண்மையாகவே இடி விழுந்தவர்கள் தடுமாறுவார்கள், முன்னுக்குப் பின் பேசுவார்கள், நம்மைத் திட்டுவார்கள், சம்பந்தமில்லாமல் அடுப்பில் வைத்த பாலைப் பற்றிக் கவலைப்படுவார்கள். அன்றைக்கு இது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆகையால் சார்ஜன்ட் சொன்னதற்குத் தலையாட்டாமலும் மறுக்காமலும் நின்றேன்.

வெள்ளவத்தையிலிருந்து சின்னம்மா வந்து சேர்ந்தார். பூரணத்தின் தங்கை. தெரு முனையிலேயே தலையில் அடித்துக்கொண்டு வந்தவர், அக்காவைக் கட்டிப்பிடித்து அழுது முடித்த கையோடு எழுந்து சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு காரியத்துக்கு வந்துவிட்டார். நம் பெண்டுகளின் கெட்டித்தனம் அது.

"ஐயா, சட்டுப்புட்டெண்டு உங்கட அலுவலை முடிச்சுத் தாங்கோ. இண்டைக்குப் பொழுதுபட முன்னம் எடுக்கவேணும். நாளைக்குச் சனி."

பாஸ்கரன் மெதுவாகச் சொன்னான். "இல்லைச் சின்னம்மா. மட்டக்களப்பில இருந்து மாமா வரவேணும். நாளைக்குப் பின்னேரம் எடுப்பம்."

"மாமன் வந்து பாத்தென்ன, பாக்காட்டி என்ன! சனிப் பிணம் தனிப் போகாதடா!"

உங்களில் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த சிலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். சனிக்கிழமை பிணம் எடுத்தால் அது துணைக்கு இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போகும், அதே வீட்டில் அடுத்த சாவு விழும் என்பது நம்மவர்களின் பயம். முடிந்தால் நாளை மாற்றுவார்கள். முடியாவிட்டால் ஒரு கோழிக்குஞ்சைப் பாடையில் கட்டி அனுப்புவார்கள். மச்சம் தொடாத மரக்கறி வீடு என்றால் ஒரு தேங்காய். உயிருக்குப் பதில் இதை எடுத்துக்கொள் என்று கணக்குத் தீர்ப்பது.

"அப்ப ஒரு தேங்காயாவது வைச்சு அனுப்புவம்," என்று சின்னம்மா இறங்கி வந்தார்.

"அதெல்லாம் பழைய கதை. அம்மா படிச்ச மனுசி. அவவுக்கு இந்த மூட நம்பிக்கை பிடிக்காது," என்றான் மகன்.

எனக்கோ சந்தோஷம். நாகரிகமான பிள்ளை, பகுத்தறிவோடு பேசுகிறான் என்று நினைத்தேன். எனக்கும் அந்தச் சனி, கோழிக்குஞ்சு எதிலும் நம்பிக்கை கிடையாது. உடலை ஒப்படைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம் என்று மனதுக்குள் முடிவே எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் விறாந்தையில் அவன் குரல் கேட்டது. அயல் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள்.

"தங்கச்சி சுகந்தியை நினைக்க எனக்கு நெஞ்சு பதறுது அக்கா. அம்மாவுக்குத் தங்கச்சியெண்டால் உயிர். தனியப் போகமாட்டா." கொஞ்சம் நிறுத்தினான். "கூட்டிக்கொண்டு போயிடுவா." துவாயால் முகத்தை மூடிக்கொண்டான். பெண்கள் ஐயோ ஐயோ என்று வாயில் கை வைத்தார்கள். வெளியே தைரியம் காட்டினாலும் பாவம் உள்ளுக்குள் பயப்படுகிறான் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சார்ஜன்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றான். இப்போது சிங்களத்தில். அம்மாவுக்குத் தங்கச்சி என்றால் உயிர், தனியாகப் போகமாட்டா. நிறுத்தம். கூட்டிக்கொண்டு போய்விடுவா. துவாய். சார்ஜன்ட் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அதன் பிறகு என்னிடம் வந்தான். கதிரைக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, "ஐயா, உங்களிட்டச் சொல்லுறதில என்ன வெக்கம்? அம்மாவுக்குத் தங்கச்சியெண்டால் உயிர். தனியப் போகமாட்டா..."

எனக்கு அவனுக்கு முன்னமே அடுத்த சொல் தெரிந்திருந்தது. எந்த இடத்தில் நிறுத்துவான் என்று தெரிந்திருந்தது. துவாயை எந்தக் கை எடுக்கும் என்றும் தெரிந்திருந்தது. அப்படியே எடுத்தான்.

ஒரே துக்கத்தை ஒருவர் பலரிடம் சொல்லலாம், அதில் குற்றமில்லை. ஆனால் இன்னொன்று இருந்தது. அந்தப் பயம் உனக்கு இருந்தால், மடையா, நீ ஏன் சனிக்கிழமையைக் கேட்கிறாய்? சின்னம்மா வெள்ளி என்கிறார், வேண்டாம் என்கிறாய். தேங்காய் என்கிறார், வேண்டாம் என்கிறாய். பயந்தவன் நாளை மாற்றுவான். நம்பிக்கையில்லாதவன் பேசாமல் இருப்பான். நீ நாளையும் பிடித்து வைத்துக்கொண்டு பயத்தையும் ஊர் முழுக்கப் பங்கிடுகிறாயே, எதற்கு?

சின்னம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வீடு யாற்ற பேரில?" என்று கேட்டேன்.

"அக்காவின்ர பேரில. சுகந்திக்குச் சீதனம் எண்டு எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறா. சம்பந்தம் சரிவந்தால் அடுத்த மாசமே எழுதிக் குடுத்திருப்பா. இனி ரெண்டு பிள்ளையளுக்கும் பாதி பாதி. ஏன் ஐயா?"

"சும்மா," என்றேன்.

கதிரையில் திரும்ப வந்து இருந்தேன். அப்போது எனக்கு இரண்டாவது செத்தவீடு கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து, அதே வீடு. இந்த முறை தரையில் சுகந்தி. அதே கதிரை, அதே சோடா. விறாந்தையில் பெண்கள், "அண்டைக்கே தம்பி சொல்லி அழுதான், சனிப் பிணம், தாய் கூட்டிக்கொண்டு போட்டா" என்பார்கள். சார்ஜன்ட் தலையாட்டுவார். கையெழுத்துப் போட வருகிறவன் யார்? நான்தான். எனக்கும் அவன் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டான். பூரணத்தின் சாவுக்கு அவன் உடைந்த படியைத் தயார் பண்ணியிருந்தான். தங்கையின் சாவுக்கு நம் எல்லாரையும் தயார் பண்ணிக்கொண்டிருந்தான்.

இதெல்லாம் என் நினைப்புத்தான். கையில் சாட்சியம் ஒரு துரும்பும் இல்லை. வீட்டில் அடுப்பு எரியவில்லை, ஊர் காத்துக்கொண்டு நிற்கிறது, நான் நினைப்பது பிழை என்றால் தாயை இழந்த ஒரு நல்ல மகனைப் பேயாக்கிவிடுவேன். உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். அப்போது, நான் சரியா பிழையா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பதில் கிடைக்காது. எந்தப் பிழையைத் திருத்தலாம், எந்தப் பிழையைத் திருத்த முடியாது என்று மட்டும் பாருங்கள். நான் சந்தேகப்பட்டது பிழையென்றால் ஊர் என்னைத் திட்டும், மன்னிப்புக் கேட்கலாம். சந்தேகப்படாதது பிழையென்றால் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

எழுந்து நின்று சொன்னேன். "பிரேதத்தை இப்ப ஒப்படைக்க ஏலாது. டாக்டர் பாக்கவேணும். ஆஸ்பத்திரிக்கு அனுப்புறன்."

அம்மாடி! அன்றைக்கு வாங்கிய ஏச்சை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. "என்ர அக்காவை வெட்டிக் கொத்தவோ! நீயெல்லாம் ஒரு தமிழனோ!" என்று சின்னம்மா மண்ணை வாரித் தூற்றினார். சார்ஜன்ட் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சுகந்தி சுவரை விட்டுப் பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்துவிட்டாள். "அம்மாவைத் தொட்டால் பாருங்கோ!" மேரி அக்காகூட என் கையிலிருந்த சோடாப் போத்தலை வெடுக்கென்று பறித்துக்கொண்டு போனாள். அதில் பாதி மிச்சம் இருந்தது.

ஒருவன் மட்டும் கத்தவில்லை. பாஸ்கரன் என்னைப் பார்த்தான். கோபமில்லை, பயமில்லை. கரம் போர்டு விளையாடுகிறவன் எதிராளி அடித்த அடியைப் பார்ப்பானே, அப்படி ஒரு பார்வை. பிறகு தங்கையின் கையை என் சட்டையிலிருந்து மெல்ல விடுவித்தான்.

"ஐயா தன்ர கடமையைச் செய்யிறார். செய்யட்டும். எவ்வளவு நேரம் எடுக்கும் ஐயா?"

"நாளைக்குத்தான் தெரியும்."

"ஓம், நல்லது. பிள்ளை, நீ போய்ப் படு. நான் இருக்கிறன்தானே. இரவைக்கு நானும் நீயும் சமாளிப்பம்."

நானும் நீயும். பிரேதம் போய்விடும், சனம் கலைந்துவிடும், வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள். நான் வெட்டிப் பார்க்கச் சொன்ன பிறகு அவனுக்கு அவசரமும் வந்திருக்கலாம். அண்ணன் உன்னைக் கொல்லுவான், வீட்டை விட்டுப் போ என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அண்ணன் என்றால் அவளுக்குச் சாமி. சொன்னால் என் கன்னத்தில் அறைவாள், அதோடு அவனுக்கும் தெரிந்துவிடும். அவனைக் கைது செய்யச் சொன்னால் சார்ஜன்ட் சிரிப்பார்.

சனிப் பிணத்தை நம்புகிறவன் போலத் தைரியமாக ஒரு வேடம் போட்டேன் பிள்ளைகளே. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்குக் கேட்கும்படி சொன்னேன்:

"ஒரு விஷயம். எப்பிடியும் இனிச் சனிக்கிழமையாப் போச்சு. தம்பி பாஸ்கரன் என்னட்டையும் சொன்னார், சார்ஜன்ட்டிட்டையும் சொன்னார், உங்களிட்டையும் சொன்னவர். அம்மா தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போயிடுவா எண்டு அவருக்கு நெஞ்சு பதறுதாம். கூடப்பிறந்தவன்ர வாயில சும்மா வராது. நான் அரசாங்க ஆள், இதைச் சொல்லக்கூடாது. ஆனா என்ர மகளெண்டால் காரியம் முடியுமட்டும் இந்தக் கூரைக்குக் கீழ விடமாட்டன்."

பெண்கள் கூட்டம் ஒரே குரலில் எழும்பியது. ஓம், ஓம், அதுதான் சரி, பிள்ளையை அனுப்புங்கோ! என்னைத் தமிழனோ என்று கேட்ட சின்னம்மா அடுத்த நிமிடம் என் கட்சி. "வெளிக்கிடடி! வெள்ளவத்தைக்கு வா. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியிற வரைக்கும் என்னோடதான் படுக்கை."

"நான் அண்ணாவைத் தனிய விட்டிட்டு வரமாட்டன்," என்றாள் சுகந்தி.

எல்லாரும் பாஸ்கரனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும் என்று அவன் சொல்லவேண்டுமே, எப்படிச் சொல்வான்? காலை முழுக்க அவன் ஆள் ஆளாகக் கொடுத்த பயம் அது. சில விநாடி யோசித்தான். பிறகு அழகாகச் சிரித்தான்.

"போ பிள்ளை. எனக்கும் அதுதான் நிம்மதி."

டாக்சியை அவனே கூட்டி வந்தான். அவளுடைய உடுப்புகளை அவனே மடித்துப் பையில் வைத்தான். உச்சியில் கொஞ்சி ஏற்றிவிட்டான். பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். டாக்சி மூலை திரும்பும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

டாக்டர் அடுத்த நாள் சொன்னார். படிக்கட்டில் விழுவதற்கு முன்னமே அந்த அம்மாவின் மூச்சு நின்றிருக்கிறது. தானாக நிற்கவில்லை. பொலிஸ் விசாரித்தபோது மிச்சமும் வெளியே வந்தது: மேல்மாடியில் தங்கை தூங்கிக்கொண்டிருக்க, தாயை ஏதோ சொல்லிக் கீழே கூப்பிட்டிருக்கிறான். அதற்கு மேல் விவரம் உங்களுக்கு வேண்டாம். சார்ஜன்ட் கைது செய்யப் போனபோது வந்தவர்கள் எல்லாருக்கும் பாஸ்கரன் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தானாம். யாருக்குச் சீனி குறைவு என்று ஞாபகம் வைத்திருந்தானாம். சார்ஜன்ட் பிறகு என்னிடம் வந்து, "எனக்கும் அந்த ஆளைப் பிடிச்சிருந்தது ஐயா," என்றார். எனக்கும்தான் என்றேன்.

வழக்கில் மனநோய் வைத்தியர் ஒருவர் சாட்சி சொன்னார். இது பைத்தியம் இல்லை, நல்ல தெளிவான மூளை, ஆனால் மற்றவர் நோவு உள்ளே போய்ச் சேராத ஓர் ஆளுமை என்றார். வெளியே என்னிடம் இன்னும் லேசாகச் சொன்னார்: நமக்கு அழுகை வரும், இவர்கள் அழுகையைப் பழகி எடுப்பார்கள், நாம் சிங்களம் பழகினமாதிரி. அதோடு ஓர் எச்சரிக்கையும் தந்தார், அதை உங்களுக்கும் தருகிறேன். இப்படிப்பட்டவர்களில் அதிகம் பேர் ஆயுசு முழுக்க யாரையும் கொல்வதில்லை, அக்கம்பக்கத்தை ஏமாற்றிக்கொண்டு சீவித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே இனிமையாகப் பேசுகிற மகனையெல்லாம் சந்தேகப்பட்டுத் திரியாதீர்கள். உண்மையில் நல்ல மகன்மாரும் இருக்கிறார்கள், உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். ஆளைப் பார்க்காதீர்கள், அவன் என்ன கேட்கிறான் என்று பாருங்கள்.

ஜூரி அவனைக் குற்றவாளி என்றது. தீர்ப்புச் சொன்ன அன்று கோட்டு விறாந்தையில் விலங்கோடு என்னைக் கடந்து போனவன் நின்றான். காவலரும் நின்றார்கள். அவன் நில் என்றால் யாரும் நிற்பார்கள் போலிருக்கிறது.

"சுகமோ ஐயா? மெலிஞ்சு போனீங்கள்."

"சுகம்," என்றேன்.

"உங்களுக்கு நல்ல மூளை. தங்கச்சியை வெள்ளவத்தைக்கு அனுப்பினீங்கள் பாருங்கோ, அதிலதான் எனக்குப் பிழைச்சது. அவளும் செத்துப்போயிருந்தால் சனிப் பிணத்தை விட்டிட்டு என்னைப் பற்றி ஆர் கதைச்சிருப்பினம்? வீட்டையும் வித்திருக்கலாம்." கஞ்சத்தனமில்லாமல் என்னைப் பாராட்டினான். தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி. பிறகு, "அவளுக்கு நெஞ்சுச் சளி இருக்கு, பனிக்குள்ள திரியவேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில் அவன் முகம் மாறவே இல்லை.

விறாந்தையின் மறு முனையில் சுகந்தி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அண்ணா குற்றமற்றவன், டாக்டர் பிழை, கொறனர் லஞ்சம் வாங்கியவன் என்று சின்னம்மாவோடு சண்டை பிடித்துக்கொண்டு வழக்கு நாள் ஒன்று விடாமல் வந்தவள். அண்ணா என்ன சொன்னார் என்று ஓடி வந்து கேட்டாள்.

நான் அவளுக்கு எல்லாம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னை நம்பியிருப்பாளோ என்னவோ. நம்பியிருந்தால் அதற்குப் பிறகு இந்த உலகத்தில் யாரை நம்புவாள்? தாய் போய்விட்டாள். அண்ணன் ஜெயிலுக்குப் போகிறான். உடுப்பு மடித்துக் கொடுத்த கை, உச்சியில் கொஞ்சிய வாய், அதையும் நான் பிடுங்கி எடுக்கவேண்டுமா? வழக்கு முடிந்துவிட்டது. உயிர் தப்பிவிட்டது. அதற்கு மேல் உண்மை யாருக்கு வேண்டும்?

"நெஞ்சுச் சளியோட பனிக்குள்ள திரியவேண்டாமாம்," என்றேன்.

அவள் அங்கேயே இருந்து அழுதாள். பிறகு எழுந்து, "நீ நல்லா இருப்பியோடா!" என்று என்னைத் திட்டத் தொடங்கினாள்.

இன்னும் நிறுத்தவில்லை. பாஸ்கரன் ஜெயிலில் நோய் வந்து இறந்துபோனான், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிவரை எல்லாம் அவள்தான் செய்தாளாம். கலியாணம் கட்டி வெள்ளவத்தையில் இருக்கிறாள், மூன்று பிள்ளைகள். அங்கே உள்ள சந்தைக்கு நானும் போகிறவன். என்னைக் கண்டால் போதும், கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு, "என்ர அண்ணாவைத் திண்ட கொறனர் போறார், பாருங்கோ!" என்று ஆரம்பிப்பாள். என் பரம்பரையிலேயே கை வைப்பாள். மரக்கறிக்காரர்களுக்கு நல்ல வேடிக்கை. என் பெண்சாதி, வேறு சந்தைக்குப் போனால் என்ன என்று தலையில் அடித்துக்கொள்கிறாள்.

எதற்குப் போகவேண்டும்? அவள் திட்டி முடிக்கும்வரை நான் பையோடு நின்று கேட்பேன். நல்ல கணீரென்ற குரல். போன கிழமை பார்த்தபோது உடம்பும் கொஞ்சம் போட்டிருந்தாள், முன்மயிரில் நரையும் விழுந்திருந்தது. நரைத்த தலையோடு என்னைத் திட்டினாள் பிள்ளைகளே! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.